ஆளைப் பார்த்தது அன்று, பெட்டியைப் பார்ப்பது இன்று

வண்டலூர்–வாலாஜாபாத் சாலையில் படப்பையைத் தாண்டி ஒரகடம் கூட்டுரோட்டை நெருங்கும்போது கண்ணில் படுவதெல்லாம் தொழிற்சாலை மதில்களும் கண்டெய்னர் லாரிகளும் ஷிஃப்ட் மாறும் நேரத்துக் கம்பெனி பஸ்களும்தான். 1998-இல் இருங்காட்டுக்கோட்டையிலிருந்து முதல் சான்ட்ரோ கார் வெளியே வந்த பிறகு, கால் நூற்றாண்டில் ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம், வல்லம் வடகால் என்று இந்த வட்டாரமே உருமாறிவிட்டது. ஆனால் அடிப்படையில் இது ஏரிகளின் சீமை. பழைய செங்கல்பட்டு ஜில்லாவின் ஏரிக்கரைகளில் ஒரு காலத்தில் துப்பாக்கிச் சத்தம் சகஜம். குளிர்காலத்தில் சேற்று நிலங்களில் வந்து இறங்கும் உள்ளான்களைச் சுட மதராஸிலிருந்து துரைமார் வருவார்கள். மாட்டு வண்டியிலும் ரயிலிலும் அவர்களோடு துப்பாக்கிப் பெட்டியும் வரும். அதைத் திறந்து காட்டச் சொல்ல யாருக்கும் துணிவு வந்ததில்லை.

துணிந்து கேட்ட ஊர் ஒன்று அதே ஜில்லாவில் இருந்தது. வேடந்தாங்கல் ஏரியில் கூடு கட்டும் பறவைகளை வெள்ளைக்காரச் சிப்பாய்கள் சுட்டுத் தள்ளுவதைப் பொறுக்காத மக்கள், கலெக்டர் லயனல் பிளேஸிடம் முறையிட்டார்கள். பறவை எச்சம் கலந்த ஏரித் தண்ணீர் பாய்ந்தால் பயிர் செழிக்கும் என்பது அவர்கள் கண்டறிந்த உண்மை. 1798-இல் பறவைகளைக் காக்கும் உரிமையை ஊருக்கு எழுதிக் கொடுத்தார் பிளேஸ். துப்பாக்கி எங்கே நுழையலாம், எங்கே நுழையக்கூடாது என்பதை ஊரே கேட்டு, காகிதத்தில் எழுதி வாங்கிக்கொண்டது.

இன்று இந்தப் பக்கத்திலிருந்து துப்பாக்கி புறப்பட்டால் அது போகும் இடம் ஏரிக்கரை அல்ல, மீனம்பாக்கம். தூக்கிக்கொண்டு போவதும் துரை அல்ல. தில்லியிலோ போபாலிலோ நடக்கும் போட்டிக்குக் கிளம்பும் பள்ளி மாணவியாக இருக்கலாம். பயணிகள் அமரும் தளத்துக்குக் கீழே, சரக்கு அறையில், பூட்டிய பெட்டிக்குள் அவளுடைய துப்பாக்கி போகிறது. துப்பாக்கியோடு பயணம் செய்வது என்பது அந்தஸ்தின் அடையாளமாக இருந்து, விதிகளுக்கு உட்பட்ட ஒரு விளையாட்டு வீரரின் அன்றாட வேலையாக மாறியிருக்கிறது. அன்று ஆளைப் பார்த்து நம்பினார்கள், இன்று பெட்டியைத் திறந்து பார்த்து நம்புகிறார்கள். இந்த மாற்றத்தை நான் மனதார வரவேற்கிறேன். அது இன்னும் பாதி வழியில்தான் நிற்கிறது என்பது என் ஆதங்கம்.

துரைக்கு விலக்கு, குடிக்கு உரிமம்

ஆளைப் பார்த்து நம்புவது வெறும் வழக்கமாக மட்டும் இருக்கவில்லை, சட்டமாகவே இருந்தது. 1878-ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டம் இந்தியர்கள் துப்பாக்கி வைத்துக்கொள்ள உரிமம் வேண்டும் என்றது. ஐரோப்பியர்களுக்கு அதிலிருந்து விலக்கு கிடைத்தது. ஒரே துப்பாக்கி, ஒரே தோட்டா. பிடித்திருக்கும் கையின் நிறத்தை வைத்துத்தான் அது ஆபத்தா, அலங்காரமா என்று முடிவு செய்தார்கள். பிறகு சமஸ்தான மன்னர்களும் ஜமீன்தார்களும் அந்தச் சலுகை வட்டத்துக்குள் வந்தார்கள். வட்டம் கொஞ்சம் பெரிதானதே தவிர, அதன் தன்மை மாறவில்லை.

சுதந்திர இந்தியா 1959-இல் புதிய ஆயுதச் சட்டம் இயற்றி, 1962 அக்டோபர் 1 முதல் நடைமுறைக்குக் கொண்டுவந்தது. உரிமம் என்பது எல்லாருக்கும் ஒன்றானது. 1972-இல் காட்டுயிர்ப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. 1991-இல் அதைத் திருத்தியபோது வேட்டை உரிமம் என்ற ஒன்றே இல்லாமல் போனது. வேட்டைக்காரரின் துப்பாக்கிப் பெட்டிக்கு வேலை முடிந்தது. அந்த இடத்துக்கு விளையாட்டு வீரரின் பெட்டி வந்தது.

விளையாட்டிலும் முதலில் இருந்தவர்கள் அரண்மனைக்காரர்கள்தான். தேசிய ரைபிள் சங்கம் 1951-இல் தொடங்கியது. பிகானேர் மகாராஜா கர்ணி சிங் 1960 ரோம் முதல் 1980 மாஸ்கோ வரை ஐந்து ஒலிம்பிக் போட்டிகளில் சுட்டார். 1962-இல் கெய்ரோ உலகப் போட்டியில் வெள்ளி வென்றார். அவருடைய திறமையில் ஐயமே இல்லை. ஆனால் அந்தக் காலத்தில் துப்பாக்கி வாங்கவும், தோட்டா தருவிக்கவும், அதைத் தூக்கிக்கொண்டு கடல் கடந்து பறக்கவும் அப்படிப்பட்ட குடும்பங்களால்தான் முடிந்தது.

வானத்தில் முதல் விதிகள்

மதராஸுக்கு வான் வழித் தபால் வந்தது 1932 அக்டோபரில். கராச்சியிலிருந்து ஜே.ஆர்.டி. டாட்டா பம்பாய் வரை ஓட்டிவந்த தபாலை அங்கிருந்து பெல்லாரி வழியாக நெவில் வின்சென்ட் இங்கே கொண்டுவந்தார். சில ஆண்டுகளில் 1937-ஆம் ஆண்டு விமான விதிகள் வந்தன. அவற்றின் எட்டாவது விதி, அரசின் எழுத்துபூர்வ அனுமதியின்றி ஆயுதமும் வெடிபொருளும் விமானத்தில் ஏற்றக்கூடாது என்பது. விதி ஏட்டில் இருந்தது. சோதித்துப் பார்க்க இயந்திரமும் இல்லை, அப்படியொரு பழக்கமும் இல்லை. விமானத்தில் ஏறுபவர்கள் சிலரே. டிக்கெட் வாங்கும் வசதி இருந்தாலே அவர் நம்பத்தகுந்தவர் என்ற எண்ணம் உலகம் முழுவதும் இருந்தது.

அந்த எண்ணத்தை உடைத்தது விமானக் கடத்தல். 1971 ஜனவரி 30 அன்று ஸ்ரீநகரிலிருந்து கிளம்பிய இந்தியன் ஏர்லைன்ஸின் ‘கங்கா’ விமானத்தை லாகூருக்குக் கடத்தியவர்கள் கையில் இருந்தது பொம்மைத் துப்பாக்கி. பயணியும் அவர் கைப்பையும் சோதிக்கப்பட்டிருந்தால் அந்தப் பொம்மை உள்ளே போயிருக்காது. அமெரிக்கா 1973 ஜனவரியில் எல்லாப் பயணிகளையும் சோதிப்பதைக் கட்டாயமாக்கியது. இந்தியாவில் 1976 செப்டம்பர் 10 அன்று நடந்த இன்னொரு கடத்தலுக்குப் பிறகு பாண்டே கமிட்டி அமைந்தது. அதன் பரிந்துரைப்படி 1978 ஜனவரியில் சிவில் விமானப் பாதுகாப்பு அமைப்பு ஒரு பிரிவாகத் தொடங்கியது. இன்று நாம் சுருக்கமாக பி.சி.ஏ.எஸ். என்று சொல்லும் அமைப்பு அதுதான்.

அப்போதும் கவனமெல்லாம் பயணியின் கையில் என்ன இருக்கிறது என்பதில்தான். அடியில் போகும் பெட்டியைப் பற்றி யாரும் பெரிதாகக் கவலைப்படவில்லை. அந்தப் பாடத்தை நமக்குக் கற்பித்தது மீனம்பாக்கம்.

1984, ஆகஸ்ட் 2

அன்றிரவு மீனம்பாக்கம் விமான நிலையத்தில் கொழும்பு செல்லும் விமானத்துக்கென்று ஒருவர் பெட்டிகளைப் பதிந்துவிட்டு, விமானத்தில் ஏறாமல் போய்விட்டார். ஆளில்லாத பெட்டிகளைத் தனியே எடுத்து வைத்தார்கள். இரவு பதினொரு மணியை நெருங்கும்போது அவை வெடித்தன. முப்பது பேர் அளவில் உயிரிழந்தார்கள். கட்டடத்தின் ஒரு பகுதியே சரிந்தது. ஊருக்குத் திரும்பக் காத்திருந்த இலங்கைப் பயணிகளும், வேலை பார்த்துக்கொண்டிருந்த நம் ஊர்க்காரர்களும் அதில் போனார்கள்.

பதினோரு மாதம்கூட ஆகவில்லை. 1985 ஜூன் 23 அன்று ஏர் இந்தியாவின் ‘கனிஷ்கா’ அட்லாண்டிக் மீது வெடித்துச் சிதறி 329 பேர் மாண்டார்கள். அங்கேயும் அதே கதைதான். பெட்டி ஏறியது, பெட்டிக்குரிய ஆள் ஏறவில்லை.

இந்த இரண்டு சம்பவங்களுக்குப் பிறகுதான் பெட்டியையும் ஆளையும் பிரிக்காமல் பார்க்கும் முறை இறுகியது. பயணி வரவில்லையா, அவருடைய பெட்டியை இறக்கு என்பது விதியானது. 1987 ஏப்ரல் 1-இல் பி.சி.ஏ.எஸ். தனித் துறையானது. 1999 டிசம்பரில் காந்தஹாருக்கு விமானம் கடத்தப்பட்ட பிறகு, 2000 முதல் விமான நிலையங்களின் காவல் சி.ஐ.எஸ்.எஃப். கைக்குப் போனது. பெட்டிக்கு எக்ஸ்ரே எடுத்து, நெகிழிப் பட்டை கட்டிக் கொடுத்த காலம் பலருக்கு நினைவிருக்கும். இப்போது அந்தச் சோதனை கவுண்டருக்குப் பின்னால், பெல்ட் ஓடும் பாதையிலேயே நடந்துவிடுகிறது.

ஸ்ரீபெரும்புதூர்க்காரர்களுக்குப் பாதுகாப்பு என்பது செய்தித்தாளில் படிக்கிற சங்கதி அல்ல. 1991 மே 21 இரவு மீனம்பாக்கத்தில் வந்து இறங்கிய ராஜீவ் காந்தி, பூந்தமல்லி வழியாகக் காரில் வந்து சேர்ந்த இடம் இந்த ஊர். அவர் கொல்லப்பட்ட இடத்தில் எழுந்த நினைவகத்தைக் கடந்துதான் தினமும் ஆயிரக்கணக்கான தொழிலாளர்கள் வேலைக்குப் போகிறார்கள். அந்த இரவில் மாலையோடு நெருங்கியவரை யாரும் சோதிக்கவில்லை. சோதனை தொல்லை என்று சலித்துக்கொள்பவர்களிடம் நான் சொல்வது இதுதான்: ஒவ்வொரு விதிக்கும் பின்னால் சில பிணங்கள் இருக்கின்றன. விதியைத் தளர்த்தச் சொல்லி நான் எழுதவில்லை.

ஒரகடத்திலிருந்து ஒரு ஏர் ரைபிள்

இப்போது இன்றைய காட்சிக்கு வருவோம். ஒரகடத்தில் உதிரிபாகத் தொழிற்சாலை ஒன்றில் வேலை பார்க்கும் ஒருவர், பதினைந்து வயது மகளைத் தேசியப் போட்டிக்கு அழைத்துப் போகிறார் என்று வைத்துக்கொள்வோம். அவள் சுடுவது பத்து மீட்டர் ஏர் ரைபிள். நெருப்பு இல்லை, வெடிமருந்து இல்லை. அழுத்தப்பட்ட காற்று 4.5 மில்லிமீட்டர் ஈயக் குண்டைத் தள்ளுகிறது. 2016-ஆம் ஆண்டின் ஆயுத விதிகள்படி, 20 ஜூலுக்குக் குறைவான ஆற்றலும் 4.5 மில்லிமீட்டருக்கு மேற்படாத குழல் விட்டமும் உள்ள காற்றுத் துப்பாக்கிக்கு உரிமம் தேவையில்லை. இருபத்தோரு வயது நிரம்பாதவருக்கு மற்ற துப்பாக்கி உரிமம் கிடைப்பது அரிது. அதனால் சாதாரண வீட்டுப் பிள்ளைகள் இந்த விளையாட்டுக்குள் நுழையும் வாசல் ஏர் ரைபிளும் ஏர் பிஸ்டலும்தான். நல்ல போட்டி ரைபிள் இரண்டு மூன்று லட்சம் ரூபாய் ஆகும். சீட்டு எடுத்தோ, கடன் வாங்கியோ, கிளப் ரைபிளை இரவல் வாங்கியோ சமாளிக்கிறார்கள்.

காலை ஆறு மணி விமானம் என்றால் இரவு இரண்டரைக்கே வீட்டை விட்டுக் கிளம்ப வேண்டும். படப்பை, வண்டலூர், பிறகு ஜி.எஸ்.டி. சாலை. எல்லாம் சேர்த்தால் முப்பத்தைந்து கிலோமீட்டர் அளவு. தூரம் பெரிதில்லை, கவுண்டரில் பிடிக்கும் நேரம்தான் பெரிது. தள்ளுவண்டியில் ஒரு மீட்டருக்கு மேல் நீளமான கறுப்புப் பெட்டி, அதில் இரண்டு பூட்டு. இன்னொரு பையில் விறைப்பான கான்வாஸ் ஜாக்கெட்டும் கால்சட்டையும் தட்டையான அடியுள்ள ஷூவும்.

“என்னம்மா இது, கீபோர்டா?”

“இல்ல மேடம், ஏர் ரைபிள்.”

அந்தச் சொல் விழுந்ததும் கவுண்டரில் வேலை நின்றுவிடும். கவுண்டர் ஊழியர் சூப்பர்வைசரைக் கூப்பிடுவார். “கொஞ்சம் தள்ளி நில்லுங்க சார், மத்தவங்களுக்கு வழி விடுங்க” என்பார்கள். அப்பா கோப்பைத் திறப்பார். அதில் அழைப்புக் கடிதம், மாநிலச் சங்கத்தின் கடிதம், ரைபிள் வாங்கிய ரசீது, வரிசை எண், மகளின் ஷூட்டர் அடையாள அட்டை எல்லாம் இருக்கும். ஆயுதம் காலியாக இருக்கிறது என்று உறுதிமொழிப் படிவத்தில் கையெழுத்து. பிறகு சி.ஐ.எஸ்.எஃப். வீரர் வருவார்.

அவர் முன்னால் பெட்டியைத் திறந்து காட்ட வேண்டும். மகள்தான் காட்டுவாள், ஏனென்றால் அப்பாவைவிட அவளுக்குத்தான் அது பழக்கம். ரைபிள் குழலின் முழு நீளத்துக்கும் பளிச்சென்ற நிறத்தில் ஒரு நைலான் கயிறு நுழைந்து, இரண்டு முனையிலும் வெளியே தெரியும். சேஃப்டி ஃபிளாக் என்பார்கள். குழலுக்குள் குண்டு இருந்தால் அந்தக் கயிறு நுழையாது. எவர் பார்த்தாலும் ஒரே பார்வையில் புரிகிற சாட்சி அது. காற்றுச் சிலிண்டரைக் கழற்றி, காற்றை வெளியேற்றித் தனியே வைத்திருப்பாள். அளவுகாட்டியின் முள் பூஜ்யத்தில் நிற்கும். சிலிண்டர் தயாரான தேதியையும் பார்ப்பார்கள். பத்து ஆண்டுக்கு மேற்பட்ட சிலிண்டரைப் போட்டியிலும் அனுமதிப்பதில்லை. வரிசை எண் காகிதத்தோடு பொருந்துகிறதா என்று பார்த்து, பூட்டி, அட்டை கட்டி, பெல்ட்டில் போடாமல் ஊழியர் கையிலேயே எடுத்துப் போவார். இறங்கும் ஊரிலும் அது சுழலும் பெல்ட்டில் வராது. ஓர் ஊழியர் கொண்டுவந்து, ஆளைச் சரிபார்த்துக் கையில் கொடுப்பார்.

உரிமம் தேவைப்படும் துப்பாக்கி என்றால் இன்னும் சில படிகள் உண்டு. உரிமத்தில் அகில இந்திய அனுமதி இருக்க வேண்டும், தேசியத் தரவுத்தளத்தின் தனி எண் இருக்க வேண்டும். தோட்டா தனியே, அசையாதபடி பொதியப்பட்டிருக்க வேண்டும். சாதாரணப் பயணிக்கு ஒரு துப்பாக்கி, 50 தோட்டா என்பது உள்நாட்டு விமானங்களில் பொதுவாக வழக்கத்தில் உள்ள வரம்பு. போட்டியாளருக்குக் கூடுதலாக வேண்டுமானால் முன் அனுமதி. சர்வதேச விதிப்படி ஒருவர் தன் சொந்த உபயோகத்துக்கு மொத்தம் 5 கிலோ எடையுள்ள தோட்டா எடுத்துப் போகலாம். இருவர் பங்கைச் சேர்த்து ஒரே பெட்டியில் வைக்கக்கூடாது. பாய்ன்ட் டூ டூ ரைபிள்காரருக்கு இது தாராளம். பறக்கும் தட்டைச் சுடும் டிராப் ஷூட்டருக்கு அப்படி இல்லை. பன்னிரண்டு போர் தோட்டா இருபத்தைந்து கொண்ட ஒரு டப்பா ஏறக்குறைய ஒரு கிலோ. தகுதிச் சுற்றில் பறக்கும் தட்டுகள் 125, ஒவ்வொரு தட்டுக்கும் இரண்டு முறை சுடலாம். ஐந்து கிலோ அதற்கே போதாது, பயிற்சியைப் பற்றிப் பேச்சே இல்லை. அதனால்தான் அவர்கள் போகும் இடத்திலேயே தோட்டாவுக்கு ஏற்பாடு செய்துகொள்ள வேண்டியிருக்கிறது.

புதுக்கோட்டை மன்னர் குடும்பத்தைச் சேர்ந்த பிருத்விராஜ் தொண்டைமான் அந்த டிராப் பிரிவில் 2024 பாரிஸ் ஒலிம்பிக் வரை போனவர். கடலூரில் பிறந்த இளவேனில் வாலறிவன் ஏர் ரைபிளில் 2019 ரியோ உலகக் கோப்பையில் தங்கம் வென்று, டோக்கியோ, பாரிஸ் இரண்டு ஒலிம்பிக்கிலும் சுட்டார். அரச குடும்பத்து வாரிசுக்கும் எளிய ஊரில் பிறந்த பெண்ணுக்கும் ஒரே கவுண்டர், ஒரே படிவம், ஒரே சோதனை. 1878-இன் சட்டத்தை நினைத்துப் பார்த்தால் இது எவ்வளவு பெரிய தூரம் என்பது புரியும்.

அதே விதிப் புத்தகம்

ஸ்ரீபெரும்புதூர்–ஒரகடம் வட்டாரத்துக்கு இந்த விதிகள் புதியவை அல்ல. இங்கே சரக்கு அனுப்பும் பிரிவில் வேலை பார்க்கும் எந்தப் பிள்ளையையும் கேட்டுப் பாருங்கள், ஐ.நா. எண்களை மனப்பாடமாகச் சொல்வார்கள். செல்போனுக்குள் இருக்கும் லித்தியம் பேட்டரிக்கு 3481. காரின் ஏர்பேக்குக்கு 3268. அதற்குள் ஒரு சிறு வெடிமருந்துப் பொதி இருக்கிறது, விபத்து நேரத்தில் கண்ணிமைக்கும் முன் பையை ஊத வைப்பது அதுதான். துப்பாக்கித் தோட்டாவுக்கு 0012. மூன்றும் ஆபத்தான சரக்குகளுக்கான ஒரே சர்வதேச விதிப் புத்தகத்தில் இருக்கின்றன. பவர் பேங்க் உங்கள் கைப்பையில்தான் இருக்க வேண்டும், தோட்டா கைப்பையில் இருக்கவே கூடாது என்று எதிரெதிராகச் சொல்வதும் அதே புத்தகம்தான். பேட்டரி தீப்பிடித்தால் பக்கத்தில் ஆள் இருந்து அணைக்க வேண்டும், தோட்டா யார் கைக்கும் எட்டக்கூடாது. இரண்டுக்கும் காரணம் தெளிவு.

அந்தப் புத்தகத்தை இந்த வட்டாரம் எப்படிக் கையாள்கிறது என்பதைக் கவனியுங்கள். ஏர்பேக் அட்டைப்பெட்டி ஒன்று விமானத்துக்குப் போனால் அதற்கு அளவு குறித்த பொதி, ஒட்டுவில்லை, அனுப்புநரின் அறிவிப்புப் படிவம் எல்லாம் உண்டு. அதில் கை வைப்பவர்களுக்கு இரண்டு ஆண்டுக்கு ஒரு முறை கட்டாயப் பயிற்சியும் தேர்வும் உண்டு. அங்கே யாரும் பதறுவதில்லை. பெட்டியைக் கொண்டுவந்த டிரைவரின் முகத்தைப் பார்த்து முடிவெடுப்பதும் இல்லை. சரக்கு முனையத்தில் இருக்கும் இந்த நிதானம் பயணிகள் முனையத்துக்கு வர வேண்டும் என்பதுதான் என் வாதத்தின் மையம்.

இன்னும் ஆளைப் பார்க்கும் இடங்கள்

2021 பிப்ரவரியில் தில்லி விமான நிலையத்தில் துப்பாக்கி சுடும் வீராங்கனை மனு பாக்கர் தடுத்து நிறுத்தப்பட்டார். பயிற்சிக்காக போபால் போக வேண்டும், கையில் இரண்டு துப்பாக்கிகள். அனுமதிக் காகிதங்கள் இருந்தும் தன்னிடம் கூடுதல் பணம் கேட்டதாகவும் அவமதித்ததாகவும் அவர் சமூக ஊடகத்தில் எழுதினார். அப்போதைய விளையாட்டு அமைச்சர் கிரண் ரிஜிஜு தலையிட்ட பிறகு விமானம் ஏறினார். மூன்று ஆண்டு கழித்து பாரிஸில் இரண்டு வெண்கலம் வென்று வந்தது அதே பெண்தான்.

அந்தச் செய்தியில் எனக்கு உறுத்தியது அவர் நிறுத்தப்பட்டது அல்ல. பிரச்சினை தீர்ந்த விதம்தான். காகிதம் சரியாக இருந்தால் காகிதமே அவரை ஏற்றியிருக்க வேண்டும். ஏற்றியது அமைச்சரின் தலையீடு. அதாவது நெருக்கடி வந்ததும் நாம் மறுபடி ஆளைப் பார்க்கும் பழக்கத்துக்கே திரும்பிவிட்டோம். ஒரகடத்துத் தொழிலாளியின் மகளுக்கு அமைச்சரைக் கூப்பிட வழியில்லை. அவள் விமானத்தைத் தவறவிட்டால் போட்டியைத் தவறவிடுவாள், அந்த ஆண்டின் தகுதிப் புள்ளியைத் தவறவிடுவாள், அப்பா புரட்டிய பணமும் போகும்.

மறுபக்கமும் உண்டு. துப்பாக்கி வைத்திருப்பவர்களின் அலட்சியத்தை நான் மூடி மறைக்கப்போவதில்லை. 2024 ஜூன் மாதம் சென்னை விமான நிலையத்தில், திருச்சிக்குக் கிளம்பிய நடிகரும் முன்னாள் எம்.எல்.ஏ.வுமான கருணாஸின் பையில் 40 தோட்டாக்கள் கண்டெடுக்கப்பட்டன. தேர்தல் நேரம் என்பதால் துப்பாக்கியைக் காவல் நிலையத்தில் ஒப்படைத்துவிட்டதாகவும், தோட்டா பையில் இருந்ததைக் கவனிக்கவில்லை என்றும் அவர் விளக்கினார். உரிமத்தைக் காட்டிய பிறகு விடுவிக்கப்பட்டார். இதுபோல நாடெங்கும் நடக்கிறது. ஒற்றைத் தோட்டா பையின் மூலையில் கிடந்து வழக்காகிப் போனவர்கள் பலர். ஆயுதம் தன்னிடம் இருப்பது தெரிந்தே வைத்திருந்தால்தான் குற்றம் என்று உச்ச நீதிமன்றம் 1972-இலேயே குன்வந்த்லால் வழக்கில் விளக்கியிருக்கிறது. அந்தத் தீர்ப்பைக் காட்டி உயர் நீதிமன்றங்கள் இத்தகைய வழக்குகளை ரத்து செய்வதும் வழக்கம். ஆனால் நீதிமன்றம் காப்பாற்றும் என்பது கவனக்குறைவுக்குச் சமாதானம் ஆகாது. பையைக் கவிழ்த்து உதறிப் பார்த்துவிட்டு வீட்டைவிட்டுக் கிளம்புவது துப்பாக்கி வைத்திருப்பவரின் கடமை. நல்ல கோச்கள் பிள்ளைகளுக்குச் சுடக் கற்றுக்கொடுக்கும் முன் கற்றுக்கொடுப்பது இதைத்தான்.

தேர்தல் நேரம் என்றதும் இன்னொன்று. தேர்தல் அறிவிப்பு வந்தால் உரிமத் துப்பாக்கிகளைக் காவல் நிலையத்தில் ஒப்படைக்க உத்தரவு வரும். போட்டிகளில் பங்கேற்கும் ரைபிள் சங்க உறுப்பினர்களுக்கு அதிலிருந்து விலக்கு உண்டு. ஆனால் விலக்கு இருப்பதை ஸ்டேஷனில் எடுத்துச் சொல்லிப் புரிய வைப்பது அந்தந்த வீரரின் பாடு.

அடுத்த விமான நிலையம் கட்டும்போது

2024 ஜனவரியில் கேலோ இந்தியா இளைஞர் விளையாட்டுகள் தமிழ்நாட்டில் நடந்தன. துப்பாக்கி சுடும் போட்டிகள் சென்னையில் நடந்ததால் நாடெங்கிலுமிருந்து பதினெட்டு வயதுக்குட்பட்ட பிள்ளைகள் ரைபிள் பெட்டிகளோடு வந்து இறங்கினார்கள். பயணமும் சோதனையும் அன்று முறையாக நடக்க முடிந்தது என்றால், மற்ற நாட்களிலும் முடியும். சென்னை, கோவை, மதுரை, திருச்சி ரைபிள் கிளப்புகளில் பிள்ளைகள் கூட்டம் வளர்ந்துகொண்டே போகிறது. 2022-இல் திருச்சியில் நடந்த மாநிலப் போட்டியில் நடிகர் அஜித் குமார் சுட்டுப் பதக்கம் வென்றபோது, துப்பாக்கி சுடுதல் ஒரு விளையாட்டு என்பதே பல வீடுகளுக்கு முதன்முறையாகத் தெரிந்தது. இனி பெட்டிகள் குறையப்போவதில்லை.

செய்ய வேண்டியவை பெரிய செலவு பிடிக்கும் காரியங்கள் அல்ல. ஒவ்வொரு பெரிய விமான நிலையத்திலும் ஆயுதப் பெட்டிகளுக்கென்று தனி அறை ஒன்று வேண்டும். பொது வரிசையின் நடுவே நூறு பேர் பார்க்க ஒரு பெண் ரைபிளை எடுத்துக் காட்ட வேண்டிய நிலை அவளுக்கும் நல்லதல்ல, பாதுகாப்புக்கும் நல்லதல்ல. சேஃப்டி ஃபிளாக் என்றால் என்ன, ஏர் ரைபிளுக்கு உரிமம் ஏன் வேண்டாம் என்பது தெரிந்த ஓர் ஊழியராவது எல்லா ஷிஃப்டிலும் இருக்க வேண்டும். ஆபத்தான சரக்குப் பயிற்சியில் இதற்கு அரை நாள் ஒதுக்கினால் போதும். எல்லா விமான நிறுவனங்களுக்கும் ஒரே படிவம், ஒரே கட்டணம் என்று பி.சி.ஏ.எஸ்.ஸும் விமானப் போக்குவரத்துத் துறையும் நிர்ணயிக்க வேண்டும். அந்தப் படிவத்தைத் தமிழிலும் தர வேண்டும். கையெழுத்துப் போடும் பெற்றோருக்கு, தான் எதற்கு உறுதி கொடுக்கிறோம் என்பது தெரிய வேண்டாமா? ரைபிள் சங்கம் தன் பங்குக்கு, போட்டிப் பட்டியலை முன்கூட்டியே விமான நிலையங்களுக்கு அனுப்பி, பயணப் பயிற்சியையும் சுடும் பயிற்சியின் பகுதியாக்க வேண்டும்.

இந்த வட்டாரத்துக்கு இதில் தனி வாய்ப்பும் இருக்கிறது. சென்னையின் இரண்டாவது விமான நிலையத்துக்கு ஸ்ரீபெரும்புதூரை அடுத்த பரந்தூர்ப் பகுதி 2022-இல் தேர்ந்தெடுக்கப்பட்டது. ஏரியும் வயலும் போகும் என்று அங்குள்ள ஏகனாபுரம் மக்கள் அந்த ஆண்டிலிருந்தே போராடி வருகிறார்கள். அவர்களுடைய கேள்விகளுக்கு நியாயமான பதில் வந்தாக வேண்டும். புதிய நிலையம் எங்கே எழுந்தாலும், அதன் வரைபடத்தில் இந்த அறைக்கும் இடம் இருக்க வேண்டும் என்பது என் கோரிக்கை. வரைபடம் போடும்போது ஓர் அறைக்கு ஆகும் செலவு, கட்டி முடித்த பிறகு இடம் தேடி ஒதுக்க ஆகும் செலவில் சிறு பங்குதான்.

1798-இல் இந்த ஜில்லா மக்கள் துப்பாக்கியை வைத்திருப்பவரின் பதவியைப் பார்த்துப் பயப்படவில்லை. எங்களுக்கு ஒரு விதி வேண்டும், அதை எழுத்தில் தா என்றார்கள். நமக்குப் போதுமான விதிகள் இருக்கின்றன. அவற்றை மகாராஜாவுக்கும், ஒலிம்பிக் நட்சத்திரத்துக்கும், நைட் ஷிஃப்ட் முடித்துவிட்டு மகளை அழைத்து வரும் அப்பாவுக்கும் ஒரே அளவாக, ஒரே மரியாதையோடு பொருத்துவதுதான் மீதமிருக்கும் வேலை. அதைச் செய்ய வேண்டியவர்கள் பி.சி.ஏ.எஸ்., விமான நிலைய ஆணையம், விமான நிறுவனங்கள், ரைபிள் சங்கம் ஆகிய நால்வர். அடுத்த தேசியப் போட்டிக்கு முன் அவர்கள் ஒரே மேஜையில் அமர்ந்தால், இதை ஒரு நாளில் முடித்துவிடலாம்.